கீழே யாரும் போகாத தெரு

அக்காவின் ஊருக்கு நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. சோதனை போடப் போனேன். என் தொழிலே அதுதான். யாங்கோனில் கட்டிடம் கட்டிடமாகப் போய் லிஃப்டுகளைப் பார்த்து, ஓடலாம் அல்லது ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுக்கிறவள் நான். இந்த முறை லிஃப்டுக்குப் பதிலாக ஒரு நாடு.

ஜனவரியில் எனக்கு சிங்கப்பூரில் வேலை. நான் போய்விட்டால் யாங்கோன் பசுந்தாங் பேட்டையில் எங்கள் ஐந்தாம் மாடி வீட்டில் அம்மா தனி. ஊரெல்லாம் லிஃப்ட் பார்க்கிறவளின் சொந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. அம்மாவின் முழங்கால்கள் கோயிலுக்கும் டாக்டருக்கும் மட்டுமே படி இறங்கச் சம்மதிக்கும். இங்கிலாந்தில் இருக்கும் அக்கா, "அம்மாவை எங்கிட்ட அனுப்பிரு" என்றாள். அம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"நீ போய்ப் பாத்துட்டு வா பாப்பா. நீ சொன்னாச் சரி" என்றாள்.

ஆக, தீர்ப்பு என் கையில். போனில் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டேன்: படிக்கட்டு, குளிர், குளியலறை, ஆஸ்பத்திரி, கோயில், அரிசி. இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

டெர்பி என்ற அந்த ஊரில் நான் இறங்கியபோது மழை. நம் ஊர் மழை வந்தால் வந்தது, போனால் போனது. இது அப்படியல்ல. விழுகிறதா மிதக்கிறதா என்று முடிவு செய்யாத மழை. குடை பிடித்தால் நின்றுவிடும், மடக்கினால் தொடங்கும்.

அக்கா செல்வி முதியோர் இல்லம் ஒன்றில் பகல் வேலை பார்க்கிறாள். அத்தான் யாங்கோன் தாமுவேக்காரர், ஒரு பெரிய கிடங்கில் இரவு வேலை. அவர் உள்ளே வரும்போது இவள் வெளியே போகிறாள். இருவருக்கும் நடுவே ஐந்து வயது மகள் தீரி, கையிலிருந்து கைக்கு மாற்றப்படுகிறாள். செங்கல் வீடுகள் வரிசையாக, எல்லாம் ஒரே அச்சு. கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். அக்காவுடையது மேல்வீடு. படிக்கட்டு ஒற்றை மாடிதான், செங்குத்து, ஆனால் கைப்பிடி உண்டு. பட்டியலில் முதல் வரிக்குச் சரி போட்டேன்.

சமையலறை ஜன்னலில் இருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கியது. மேலே மணி, கீழ் நுனியில் கிளிப்.

யாங்கோன்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தெருக்களில் ஒவ்வொரு பால்கனியில் இருந்தும் இப்படி ஒரு கயிறு தொங்கும். காய்கறிக்காரி கீழிருந்து இழுப்பாள், மேலே மணி அடிக்கும், எட்டிப் பார்த்துப் பேரம் பேசலாம். காசு கிளிப்பில் இறங்கும், கீரை ஏறும். அம்மா பல வருடங்களாகத் அநேகமாகத் தெருவில் கால் வைக்காமலே தெருவின் தலைவியாக இருப்பது இந்தக் கயிற்றால்தான். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சண்டை, எந்தக் கட்டிடத்தில் தண்ணீர் மோட்டார் கெட்டது எல்லாம் ஐந்தாம் மாடிக்குக் காலை மொஹிங்கா மீன்குழம்பு நூடுல்ஸோடு சேர்ந்து ஏறிவரும்.

அக்காவின் ஜன்னலில் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சோதனைக்கு ஆள் வரும்போது லிஃப்டுக்குப் புது பெயிண்ட் அடித்துவைப்பார்கள். அந்த மாதிரிக் கண்துடைப்பு. அம்மாவை இழுக்கக் கட்டிய கயிறு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலையே அம்மா வீடியோவில் வந்தாள். குளிர், படிக்கட்டு எதைப் பற்றியும் கேட்கவில்லை.

"ஜன்னலுக்குக் கீழ யாரு போறா?"

எட்டிப் பார்த்தேன். "ஒரு பூனை போகுது."

"பூனையாவது நின்னு பாக்குதா?"

"இல்ல. போயிருச்சு."

அம்மா "ம்" என்றாள். அந்த ஒற்றை எழுத்தில் ஒரு நாட்டையே ஓரமாக வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை எழுந்ததும் விளக்கு எரிவதைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் வீட்டில் இருந்த போன்கள், பவர் பேங்க், தீரியின் பேசும் பொம்மை எல்லாவற்றையும் சார்ஜில் போட்டேன். பாத்திரங்கள் முழுக்கத் தண்ணீர் பிடித்துவைத்தேன். அக்கா எழுந்து வந்து காபி போடக் கிண்ணம் தேடினாள், எல்லாவற்றிலும் தண்ணீர்.

"இங்க கரண்ட் போகாதுடி."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

அப்படியானால் ஏன் வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருக்கிறது என்று கேட்டேன். நவம்பர் பிறக்கும்வரை ஹீட்டரைத் தொடக்கூடாது என்பது அத்தான் போட்ட சட்டமாம். "பக்கத்துல எல்லாரும் அப்படித்தான்" என்றார் அவர், இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் அக்காவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு. நாங்கள் கரண்ட் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். இவர்கள் கரண்டை வைத்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களுக்கு வேறு வழியில்லை. இவர்களுக்கு இது ஒழுக்கம்.

பள்ளிக்கூடத்துக்கு அரைப் பருவ விடுமுறை விட்டிருந்ததால், தீரியை வெளியே கூட்டிப் போகும் வேலை என் தலையில். முதலில் கால்வாய்க்கரையில் வாத்துக்குத் தீனி போட. பஸ் நிறுத்தத்தில் இருந்த மின்பலகை பஸ் இப்போது வந்துவிடும் என்றது. பிறகு அந்த வரியையே அழித்துவிட்டது. பஸ் வரவில்லை, தகவல் மட்டும் போய்விட்டது. பக்கத்தில் நின்ற இரண்டு கிழவிகளின் குடைகளைக் காற்று அப்போதுதான் தலைகீழாக மடக்கியிருந்தது.

"நேத்துக்கு இன்னைக்குத் தேவலை" என்றாள் ஒருத்தி.

"ஆமாம், நல்லவேளை காத்து இல்லை" என்றாள் மற்றவள்.

கடைசியில் ஒரு பஸ் வந்தது. இறங்கும்போது எல்லோரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள், ஏதோ அவர் வந்ததே தனிப்பட்ட உதவி என்பது போல. யாங்கோனில் இவ்வளவு நேரம் காக்கவைத்தால் டிரைவரின் குலம் கோத்திரம் எல்லாம் விசாரிக்கப்படும். வாத்துகளுக்கு ரொட்டி போடக்கூடாது, அது அவற்றின் உடம்புக்கு ஆகாது என்று கால்வாய்க்கரையில் பலகை வைத்திருந்தார்கள். மனிதர்கள் அதே ரொட்டியின் மேல் டப்பா பீன்ஸைக் கொட்டி இரவுச் சாப்பாடு என்கிறார்கள். அதற்குப் பலகை எதுவும் இல்லை.

ரயில் பயணத்தைச் சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். பக்கத்து ஊர்க் கோயிலைப் பார்த்துப் பட்டியலில் ஒரு வரியை முடிக்கலாம் என்று தீரியோடு கிளம்பினேன். ரயில் பாதி வழியில் நின்றது. தண்டவாளத்தில் இலை விழுந்திருப்பதால் தாமதம் என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் மன்னிப்புக் கேட்டது. இலை. மரம் கூட இல்லை, இலை. ஈர இலை நசுங்கினால் சக்கரம் வழுக்கும் என்பது நான் படித்த விஷயம்தான். ஆனால் இந்த நாட்டில் இலை உதிர்வது இந்த வருடம் தொடங்கிய பழக்கமா? எங்கள் வட்ட ரயில் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரைப் பிளந்துகொண்டு, கூடைக்காரிகளையும் அவர்கள் கோழிகளையும் ஏற்றிக்கொண்டு, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் ஓடுகிறது.

எதிர் இருக்கைக்காரர் மனைவிக்குப் போன் செய்தார். "இலை" என்றார். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது, வைத்துவிட்டார். நாங்கள் கோயில் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது.

இன்னொரு நாள் அக்காவுக்கு லீவு. குடும்பமாகப் பூசணித் தோட்டம் போனோம். ஊரிலிருந்து அரைமணி தூரத்தில் ஒரு சேற்று வயல். உள்ளே நுழையக் கட்டணம், பூசணிக்காய்க்குத் தனி விலை, அதை நாமே குனிந்து பறித்து நாமே தள்ளுவண்டியில் தள்ள வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு செய்கிற வேலையைக் கூலி கொடுத்துச் செய்ய வரிசையில் நிற்கிறார்கள். சரி, காய் நன்றாக இருக்கும், பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாம் என்று நான் ஒன்றைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

"சித்தி, அது திங்கறதுக்கு இல்ல" என்றாள் தீரி. "கண்ணு மூக்கு வெட்டி வாசல்ல வைக்கறதுக்கு."

"அப்புறம்?"

"அழுகிரும். தூக்கிப் போட்ருவோம்."

அத்தான் வெட்கத்தோடு சிரித்தார். "வெட்டிப் பாத்தா உள்ள வெறும் தண்ணிதான் பாப்பா. நாங்க முதல் வருஷம் கூட்டு வச்சோம். வாயில வைக்க முடியல."

வழியில் மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். கண்ணாடியில் மழை. எங்களைச் சுற்றி நின்ற கார்களிலும் குடும்பங்கள் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல், அதே மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மீன் புதிதுதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு மாவில் தைத்த கோட்டு. பக்கத்தில், ஏதோ கோபத்தில் மிதித்தது போல் நசுக்கிய பச்சைப் பட்டாணி. அக்கா கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தாள். பலாச்சாங். அம்மா என்னிடம் கொடுத்தனுப்பிய வறுத்த மிளகாய், கருவாட்டுப்பொடி. மீன் மேல் தூவிச் சாப்பிட்டோம். அப்போதுதான் அது மீன் ஆயிற்று.

"யாரும் வெளிய இறங்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இறங்கி?" என்றாள் அக்கா.



அந்த ஞாயிற்றுக்கிழமை நாடே கூடிக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியது. அம்மா வழக்கமான நேரத்தில் வந்துவிட்டுக் காத்திருந்தாளாம்.

"நேரத்த மாத்திட்டாங்களா? யாரக் கேட்டு?"

"வெளிச்சம் பத்தலையாம்மா. குளிர்காலத்துக்காக."

"கடியாரத்தத் தள்ளுனா வெளிச்சம் வந்துருமா?" பிறகு அதே கேள்வி. "கீழ யாரு போறா?"

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, "நிறையப் பேரு போவாங்கம்மா. இன்னைக்கு மழை, அதான்" என்றாள். அக்கா அம்மாவிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. வந்த நாளிலிருந்து தினமும் அந்த ஜன்னலில் நின்றிருக்கிறேன். தபால்காரர் வருவார், கதவு இடுக்கில் தள்ளிவிட்டுப் போவார். நாயை நடத்துகிறவர்கள் நாயோடு மட்டும் பேசுவார்கள். மற்றவர்கள் கார் கதவிலிருந்து வீட்டுக் கதவுக்கு. அவ்வளவுதான் தெரு. அம்மாவின் கேள்வி என் பட்டியலில் இல்லவே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அதற்கு நேரே பெருக்கல் குறி.

தீர்ப்பு எனக்குள் முடிந்துவிட்டது. அம்மா இங்கே வந்தால் ஜன்னலோடு பேசத் தொடங்கிவிடுவாள். அவள் வராவிட்டால் நான் சிங்கப்பூர் போக முடியாது, அதுவும் தெரியும். பழுதான லிஃப்டுக்கு நல்ல சான்றிதழ் கொடுத்தால் யாருக்கு வசதி என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கில்லை.

மாத முடிவில் பேய்த் திருவிழா. பிள்ளைகள் பிணம், எலும்பு, சூனியக்காரி என்று வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் நாள். வருடம் முழுக்கப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாதவர்கள், பேயானால்தான் தட்டுகிறார்கள். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார், அக்கா வேலையிலிருந்து திரும்பவில்லை. படுக்கை விரிப்பில் கண் வெட்டிப் பேயாகியிருந்த தீரியும், ஒரு கிண்ணம் மிட்டாயும், நானும்.

முதல் கூட்டம் கீழ்க்கதவைத் தட்டியபோது இறங்கிக் கொடுத்துவிட்டு ஏறினேன். இரண்டாவது கூட்டம் தட்டியபோது எனக்கு அலுத்துவிட்டது. எந்த யாங்கோன்காரி இதற்காகப் படி இறங்குவாள்? ஜன்னலைத் திறந்து கயிற்றை இழுத்தேன்.

கிளிப் துருப்பிடித்துத் திறக்கவில்லை. ஒரு பையைக் கட்டலாம் என்று நுனி முடிச்சை அவிழ்த்தேன். கையில் வெள்ளைத் தூசி ஒட்டியது. நைலான் நார், தொட்டால் உதிர்கிறது. முடிச்சு பிரிந்ததும் உள்ளே மறைந்திருந்த விரல் நீளத்துக்குக் கயிறு பளிச்சென்ற நீலம். மற்ற இடமெல்லாம் எலும்பு நிறம்.

கயிறு பார்ப்பது என் பிழைப்பு. எங்கள் வெயிலிலேயே ஒரு கயிறு இப்படி வெளுக்க வருடங்கள் ஆகும். இந்த ஊர் வெயிலில்? நான் வருகிறேன் என்பதற்காகக் கட்டியதல்ல இது. அம்மாவை அழைக்கும் யோசனை வருவதற்கும் வெகு காலம் முன்பே கட்டியது.

"சித்தி, சீக்கிரம்!" என்றது பேய்.

மிட்டாயைப் பையில் போட்டு இறக்கினேன்.  கீழே ஒரு கூச்சல். இழுத்தால் மணி அடிக்கும் என்று ஒரு எலும்புக்கூடு கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. தெருவின் மறுமுனையிலிருந்தெல்லாம் ஓடி வந்தார்கள். பெற்றோர்கள் குடைகளோடு நின்று ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கினார்கள். "இந்த வீட்டில் இதற்காகத்தான் கயிறு தொங்குகிறதா? துணி காயப்போட என்று நினைத்தேன்" என்று ஒருவர் சொன்னது மேலே கேட்டது.

கிண்ணம் காலியாகும் நேரத்தில் மறுபடி மணி. எட்டிப் பார்த்தேன். சூனியக்காரிகளுக்குப் பின்னால், வேலைச் சீருடையில், தலை நனைய, அக்கா. வரிசையில் நின்று தன் முறை வந்ததும் இழுத்திருக்கிறாள்.

"என்ன வேணும்?" என்றேன் மேலிருந்து.

"மொஹிங்கா இருக்கா?"

"தீந்துபோச்சு."

"நாளைக்கு எனக்கு எடுத்து வைங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கயிற்றை விடவில்லை.

தலை துவட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தபோது கேட்டேன். "இத எப்பக் கட்டுன?"

"தீரி வயித்துல இருந்தப்ப. வேலைக்குப் போகல, நாள் பூரா வீட்டுலதான். மணி, பூனைக் கழுத்துல கட்டறது. கடையில கெடச்சது."

"யாரு இழுத்தா?"

"காத்து" என்றாள். "முதல்லெல்லாம் ஓடிப் போய்ப் பாப்பேன். அப்புறம் காத்து அடிக்கறதுக்கும் ஆள் அடிக்கறதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுபோச்சு."

"ஆளுதான் அடிக்கவே இல்லையே."

"அதான் தெரிஞ்சுபோச்சுன்னேன்."

மறுநாள் காலை, அக்கா வேலைக்குப் போன பிறகு, அம்மாவுக்கு அறிக்கை கொடுத்தேன். படிக்கட்டு சரி. குளியலறை சரி. குளிர், அத்தான் மனம் இரங்கினால் சரி. அரிசி கிடைக்கும். ஆஸ்பத்திரி, காத்திருக்கப் பொறுமை இருந்தால். கோயில், இலை விழாவிட்டால்.

"கீழ?"

"யாரும் போக மாட்டாங்கம்மா. செல்வி சொன்னது பொய். நீ இங்க இருக்க முடியாது."

அம்மா தன் பால்கனியைப் பார்த்தபடி இருந்தாள். "அப்ப அவ எப்படி இருக்கா?"

அதையும் சொன்னேன். மறைத்து என்ன பயன்? கயிறு, முடிச்சு, பூனை மணி, காற்று.

"என்ன நிறம்?"

"உள்ள நீலம். வெளிய வெளுத்துருச்சு."

"அவ போறப்ப நான் பொட்டியச் சுத்திக் கட்டுன கயிறு அது" என்றாள் அம்மா. "நைஞ்சிருக்கும். அறுந்துரும். வரும்போது புதுசு வாங்கியாறேன்."

"வரும்போதா? இப்பதானே முடியாதுன்னு சொன்னேன். மேல உக்காந்து யாரப் பாப்ப?"

"நான் ஏன் மேல உக்காரப் போறேன்? அவ மேல நிக்கட்டும். நான் கீழ போய் இழுக்கறேன். ஒத்த மாடிதானே, கைப்பிடி இருக்குன்னு நீதானே சொன்ன."

இதுவரை என் அறிக்கையை மீறி யாரும் லிஃப்டை ஓட்டியதில்லை.

விசா, டிக்கெட் சங்கதிகளை எழுதி யாரையும் தூங்கவைக்கப் போவதில்லை. நான் பசுந்தாங்குக்குத் திரும்பிய வாரத்தில் சாமான் வண்டிக்காரர் கோ துன், வாளி, துடைப்பம், கயிற்றுச் சுருள்களோடு கீழே வந்தார். மணி அடித்தது. அம்மா எட்டிப் பார்த்து வியாபாரத்தைத் தொடங்கினாள், ஐந்து மாடிக்கும் கேட்கும் பர்மியத்தில். அம்மாவை அவர் 'அமே' என்றுதான் அழைப்பார்.

"நீலக் கயிறு இருக்கா?"

"இருக்கு அமே! யானை கட்டினாலும் தாங்கும்!"

"யானைய யாரு கேட்டா? பனி தாங்குமா?"

கோ துன் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தார். போட்டாதாங் படித்துறைக்கு அப்பால் போகாத மனிதர்.

"பனியும் தாங்கும்" என்றார், பனியிலேயே பிறந்தவர் போல.

சுருள் மேலே ஏறி வந்தது. நான் ஒரு நாரைப் பிரித்துப் பார்த்தேன். மட்டரகம், இரண்டு குளிர்காலத்துக்கு மேல் வராது. வாயைத் திறந்தேன்.

"உன்னக் கேக்கல" என்றாள் அம்மா, சுருளைப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டே.